வயரிலிருந்து பேட்டரி டை கிரைண்டருக்கு மாறியதும் வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்து என்ன செய்வது

பிளக்கில் மாட்டி ஓட்டும் வயர் மெஷினில் பழகிய கை பேட்டரி டை கிரைண்டரை (உலோகத்தைக் குடையவும் தேய்க்கவும் உதவும், வேகமாகச் சுற்றும் கை மெஷின்) எடுத்ததும் சில குறைகள் வரிசையாக வரும். "அழுத்தினால் நிற்கிறது", "பேட்டரி சீக்கிரம் காலியாகிறது", "பழைய மெஷின் மாதிரி வெட்டவில்லை". இவற்றில் பெரும்பாலானவை பழுது அல்ல. பழைய மெஷின் பொறுத்துக்கொண்டதைப் புதியது பொறுக்க மறுக்கிறது, அவ்வளவுதான். சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் உங்கள் மெஷின் காட்டும் அறிகுறி கீழே எதில் பொருந்துகிறது என்று பாருங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 90 வாட்-மணி. 500 வாட் இழுக்கும் அளவுக்கு விடாமல் அழுத்தி வேலை செய்தால் 90-ஐ 500-ஆல் வகுக்க வேண்டும்: 0.18 மணி, அதாவது 11 நிமிடம்கூட இல்லை. அந்த நேரம் முழுக்கப் பேட்டரியிலிருந்து சுமார் 28 ஆம்பியர் பாய்கிறது. சுவரில் இருக்கும் பிளக்குக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கையளவு பேட்டரிக்கு இது பெரிய சுமை. (பெட்டியில் "20 வோல்ட் மேக்ஸ்" என்று போட்டிருந்தால் கூடுதல் சக்தி என்று நினைக்க வேண்டாம். ஒரு வரிசையில் அதே 5 செல்கள்தான். முழு சார்ஜில் அளந்தால் 20, சராசரியாகச் சொன்னால் 18.)

சுவிட்சைப் போட்டால் அசைவே இல்லை

முதலில் சுவிட்சை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். பல பேட்டரி மெஷின்களில் சுவிட்ச் ஆனில் இருக்கும்போது பேட்டரியைச் செருகினால் மோட்டார் ஓடாது. தானாகச் சுற்ற ஆரம்பித்துக் கையைப் பதம் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். வயர் மெஷினில் சுவிட்சை ஆனிலேயே விட்டுவிட்டு பிளக்கைப் பிடுங்கிப் பழகியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

அடுத்து, பேட்டரி "கிளிக்" என்று சத்தம் கேட்கும்வரை உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். பாதி செருகிய பேட்டரி பார்வைக்கு சரியாகவே தெரியும். தொடு முனைகளில் இரும்புத்தூளோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். துடுப்பு மாதிரி நீளமான சுவிட்ச் உள்ள மாடல் என்றால் முதலில் பூட்டு நாக்கை முன்னே தள்ளி அப்புறம்தான் அழுத்த வேண்டும். அதுவும் இல்லையென்றால், ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிந்த வேறு ஒரு பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். அதிலும் அசையவில்லை என்றால்தான் கோளாறு மெஷினில் இருக்கிறது.

ஒரு கம்பெனி மெஷினில் இன்னொரு கம்பெனி பேட்டரியை மாட்ட அடாப்டர் கிடைக்கிறது. டிரில்லுக்குச் சமாளிக்கும். டை கிரைண்டருக்கு நான் சொல்ல மாட்டேன். பேட்டரியின் சூட்டையும் வோல்ட்டையும் மெஷினுக்குச் சொல்லும் சிறு முனைகள் பல அடாப்டர்களில் இணைந்திருக்காது. ஆகவே ஒன்று ஓடாது, அல்லது நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் ஓடும். இரண்டாவது இன்னும் மோசம்.

அழுத்தினால் சட்டென்று நின்றுவிடுகிறது

அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான். காரணம் மூன்று. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வயர் மெஷினில் இருப்பது கார்பன் பிரஷ் (சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு) போட்ட மோட்டார். அழுத்தினால் வேகம் குறையும், கூடவே அதிக மின்சாரம் இழுத்து முறுக்கு விசையைக் கூட்டும். சத்தம் கனமாகும், இன்னும் அழுத்தினால் வாசனை வரும். அந்தச் சத்தத்தையும் வாசனையையும் வைத்துத்தான் நாம் கையைத் தளர்த்துகிறோம். பிரஷ் இல்லாத பேட்டரி மோட்டாரில் ஒரு எலக்ட்ரானிக் பலகை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. லோடு கூடினாலும் வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டே போகும். சத்தம் பெரிதாக மாறாது. அது தனக்கு வைத்திருக்கும் ஆம்பியர் எல்லை வந்ததும் ஒரேயடியாக நிறுத்திவிடும். எச்சரிக்கை இல்லாமல் நின்றதாக நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

நின்றதும் சுவிட்சை ஆஃப் செய்து, பர்ரை (மெஷின் மூக்கில் மாட்டும், பல் உள்ள வெட்டும் தலை) உலோகத்திலிருந்து எடுத்துவிட்டு, உடனே மறுபடி ஆன் செய்யுங்கள்.

உடனே நன்றாக ஓடினால் ஓவர்லோடு. மெஷின் நலமாக இருக்கிறது, நீங்கள் அழுத்துவதுதான் அதிகம். கார்பைடு பர் தன் பல்லால் வெட்ட வேண்டிய பொருள். மெஷினின் எடையோடு லேசான கை அழுத்தம் போதும். அழுத்தினால்தான் வெட்டுகிறது என்றால் பர் மழுங்கிவிட்டது. வயர் மெஷினில் மழுங்கிய பர்ரை வைத்து இன்னும் சில நாள் ஓட்டலாம், பேட்டரி மெஷினில் அந்தக் கூடுதல் அழுத்தம் நேராகப் பேட்டரியிலிருந்து போகிறது. புது பர் போட்டுப் பாருங்கள், பாதிப் புகார் அதிலேயே தீர்ந்துவிடும். பர் புதிதுதான் என்றால் தலையின் அளவைப் பாருங்கள். பழைய 700 வாட் மெஷினில் ஓட்டிய 16 மில்லிமீட்டர் தலையைச் சின்ன பேட்டரி மெஷினில் முழு அகலமும் படும்படி வைத்தால் நிற்கத்தான் செய்யும். அதே தலையை ஓரத்தில் மட்டும் பட வைத்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்திக்கொண்டே வெட்டினால் ஓடும்.

சில நிமிடம் கழித்துத்தான் ஓடுகிறது என்றால் சூடு. அதற்குத் தனியாகக் கீழே சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது காரணம்தான் ஆளை ஏமாற்றும். பேட்டரியின் விளக்குகள் முழுதாக எரிகின்றன, ஆனால் பர்ரை வைத்ததும் நிற்கிறது. நின்றவுடன் பார்த்தால் ஒரே விளக்கு, ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் மறுபடி இரண்டு மூன்று. பல பேட்டரிகளில் அந்த விளக்கு காட்டுவது லோடு இல்லாத நேரத்து வோல்ட்டை மட்டுமே. பேட்டரி பழசாகும்போது உள்தடை, அதாவது அதன் உள்ளேயே மின்சாரத்துக்கு இருக்கும் தடை, கூடும். 28 ஆம்பியர் இழுத்ததும் வோல்ட் சரிந்து, செல்களைக் காப்பாற்ற மெஷின் நிறுத்திவிடும். அந்தப் பேட்டரி டார்ச்சுக்கும் டிரில்லுக்கும் இன்னும் பல மாதம் உழைக்கும். டை கிரைண்டருக்கு அதன் காலம் முடிந்துவிட்டது.

பேட்டரி புதிதாக இருந்தும் இப்படி ஆகிறது என்றால் அளவைப் பாருங்கள். 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் வழக்கமாக ஒரே வரிசையில் 5 செல்கள். 28 ஆம்பியரையும் ஒவ்வொரு செல்லும் முழுதாகச் சுமக்க வேண்டும். 5 ஆம்பியர்-மணியில் பெரும்பாலும் இரண்டு வரிசை, 10 செல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 14 ஆம்பியர்தான். ஆகவே பெரிய பேட்டரி அதிக நேரம் ஓடுவதோடு, வோல்ட்டும் சரியாமல் நிற்கும். பழைய டிரில்லோடு வந்த சின்ன பேட்டரியைப் போட்டுப் பார்த்துவிட்டு மெஷினைத் திட்டுவது நியாயமில்லை.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

மேலே சொன்ன கணக்குப்படி, தொடர்ந்து அழுத்தி வெட்டும் வேலைக்குப் பத்து நிமிடம் என்பது இயல்பு. வெல்டிங் பிசிறை எடுப்பது, ஓட்டை ஓரம் தட்டுவது போல விட்டுவிட்டுச் செய்யும் வேலை என்றால் இதே பேட்டரி பல மடங்கு நேரம் வரும். உங்கள் வேலை இரண்டாவது வகையாக இருந்தும் சீக்கிரம் தீர்ந்தால், பர்ரைத் தூக்கிப் பார்க்கும் நேரத்தில் மெஷினை ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறீர்களா என்று கவனியுங்கள். முழு வேகத்தில் சும்மா சுற்றினாலும் விசிறியும் பேரிங்கும் மின்சாரம் தின்னும். வயர் மெஷினில் நாள் முழுக்க ஆனில் விடுவது வழக்கம். அந்த வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

அப்புறம் சார்ஜர். 5 ஆம்பியர்-மணி பேட்டரியை 3 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் நிறைய 1 மணி 40 நிமிடமாவது ஆகும். பத்து நிமிட வேலைக்கு நூறு நிமிட சார்ஜ் என்றால் இரண்டு பேட்டரி எந்த மூலைக்கு? நாள் முழுக்க கிரைண்டர் ஓடும் பட்டறை என்றால் வேகமான சார்ஜரை வாங்குவது இன்னொரு பேட்டரியை வாங்குவதைவிடப் பயன் தரும்.

ஓடுகிறது, ஆனால் வெட்டவில்லை, பர் துள்ளுகிறது

இதைப் பெரும்பாலோர் "பவர் இல்லை" என்று சொல்வார்கள். உண்மையில் குறைவது வேகம். வயர் மெஷின்கள் பல 25,000 முதல் 30,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை போகும். பேட்டரி மாடல்களில் 20,000-த்தோடு நின்றுவிடுபவை உண்டு. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், பல்லின் வேகத்தைக் கணக்குப் போட்டால் புரியும்.

பர் தலையின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, 3.14-ஆல் பெருக்கி, ஆர்பிஎம்மாலும் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் பல்லின் நுனி நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று வரும். 6 மில்லிமீட்டர் தலை 28,000-இல் நிமிடத்துக்கு 528 மீட்டர். அதே தலை 20,000-இல் 377 மீட்டர்தான். பல் மெதுவாக வரும்போது ஒவ்வொரு பல்லும் பெரிய துண்டைக் கடிக்கப் பார்க்கிறது. கடிக்க முடியாமல் துள்ளுகிறது. துள்ளுவதால் நாம் இன்னும் அழுத்துகிறோம், அழுத்தினால் மெஷின் நிற்கிறது. இரண்டு புகாரும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

வைத்தியம் எளிது: 6-க்குப் பதில் 8 மில்லிமீட்டர் தலை. 20,000-இல் அது 502 மீட்டர் வரும், பழைய வேகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். சாதா இரும்புக்கு இரட்டை வெட்டு பர், அதாவது குறுக்கும் நெடுக்குமாகப் பல் வெட்டியது, ஒற்றை வெட்டைவிட அமைதியாக ஓடும், சிலும்பும் (வெட்டும்போது வரும் உலோகத் துணுக்கு) சின்னதாக வரும். அலுமினியத்துக்கு இதைப் போட்டால் பல் இடுக்கு அடைந்துவிடும், அங்கே அகலப் பல் உள்ள அலுமினிய பர்தான். பர் சுற்றும் திசைக்கு எதிராக நகர்த்திப் பாருங்கள், துள்ளல் இன்னும் குறையும்.

3 மில்லிமீட்டர் பர் வைத்து நுண்ணிய வேலை செய்பவர்களுக்கு மட்டும் இந்த வைத்தியம் உதவாது. 20,000-இல் அந்தத் தலை நிமிடத்துக்கு 188 மீட்டர்தான் ஓடும். அவர்களுக்கு 25,000-க்கு மேல் போகும் மாடல் தேவை. வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஆம்பியர்-மணி அல்ல, ஆர்பிஎம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிலைமை தலைகீழ்: அங்கே குறைந்த வேகம் நல்லதே, சூட்டில் பல் சீக்கிரம் போகாது. ஆனால் தேய்த்துக்கொண்டே இருக்காமல் வெட்டும்படி அழுத்தம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மேற்பரப்பு இறுகிக்கொண்டே போகும்.

வேகம் எதிர்ப்பக்கமும் தொல்லை தரும், அது ஆபத்தான தொல்லை. பழைய மெஷினில் டயலை 10,000-க்கு இறக்கி 50 மில்லிமீட்டர் ஃபிளாப் வீல் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய சக்கரம்) ஓட்டியிருப்பீர்கள். பேட்டரி மாடல்களில் சிலவற்றில் டயலே இல்லை, சிலவற்றில் கீழ்ப்படியே 15,000-இல் தொடங்கும். அந்த வீலை 25,000-இல் ஓட்டினால் விளிம்பு வினாடிக்கு 65 மீட்டர் வேகத்தில் போகும், பிய்த்துக்கொண்டு பறக்கலாம். வீலிலும் சாணைக்கல்லிலும் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச ஆர்பிஎம்மை, புது மெஷினின் உச்ச வேகத்தோடு ஒப்பிடுங்கள். பழைய டப்பாவில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். நீளத் தண்டு பர் இன்னும் மோசம். சும்மா வேகம் கொடுத்தாலே தண்டு வளைந்து சாட்டை மாதிரி அடிக்கும். அதைக் குறைந்த வேகத்தில், தலை உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே ஆன் செய்யுங்கள்.

பர் ஆடுகிறது, அல்லது மெல்ல வெளியே வருகிறது

பழைய மெஷினில் 6 மில்லிமீட்டர் கோலெட் (பர்ரின் தண்டைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்), புதியதில் கால் இன்ச் கோலெட். மாறியவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். கால் இன்ச் என்பது 6.35 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் தண்டு அதில் ஜோராக உள்ளே போகும், ஸ்பேனர் போட்டால் இறுகியது மாதிரியும் இருக்கும். பிடிப்பு முழு நீளத்துக்கும் இருக்காது. ஆகவே ஆட்டம், சத்தம், கடைசியில் பர் முன்னே நகர்ந்து வெளியே. கோலெட்டின் முகத்தில் அளவு பொறித்திருக்கும், பாருங்கள். அளவு மாறியிருந்தால் சரியான கோலெட் ஒன்று வாங்கிவிடுங்கள். செலவு குறைவு.

அளவு சரிதான் என்றால் தண்டில், கோலெட் விளிம்பை ஒட்டி, மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஐந்து நிமிடம் வேலை செய்யுங்கள். கோடு வெளியே வந்திருந்தால் பிடிப்பு போதவில்லை. கோலெட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் தூளைத் துடைத்து, இரண்டு ஸ்பேனரும் போட்டு இறுக்குங்கள். தண்டை அடிவரை தள்ளி, இரண்டு மில்லிமீட்டர் பின்னே இழுத்து இறுக்குவது நல்ல பழக்கம். பர் இல்லாத வெறும் கோலெட்டை ஒருபோதும் இறுக்காதீர்கள், அது நசுங்கினால் மறுபடி வட்டமாகாது. கோடு நகரவில்லை, ஆனாலும் ஆடுகிறது என்றால் வளைந்தது பர்ரின் தண்டாக இருக்கலாம்: சமமான கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள்.

பேட்டரி சூடாகிறது, சார்ஜர் ஏற்க மறுக்கிறது

அதிக ஆம்பியர் இழுத்தால் சூடு வருவது இயல்பு. கையில் வைக்க முடியாத அளவு சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். லித்தியம் பேட்டரிகளைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் சார்ஜ் செய்ய வேண்டும். அதற்கு மேல் சூடாக இருந்தால் சார்ஜர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். அது பழுது அல்ல. சூடான பேட்டரியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். மெஷினிலிருந்து கழற்றி நிழலில் வையுங்கள், போதும்.

பேட்டரி குளிர்ச்சியாக இருந்தும் மெஷின் தலை மட்டும் கொதிக்கிறதா? காற்றுத் துவாரத்தைக் கை மூடிக்கொண்டிருக்கலாம். வயர் மெஷினின் பிடி வேறு, இதன் துவாரங்கள் வேறு இடத்தில் இருக்கும். கடினமாக வெட்டி முடித்ததும் அரை நிமிடம் சும்மா ஓடவிட்டால் விசிறி மோட்டாரின் சூட்டை வெளியே தள்ளும். குறைந்த வேகத்தில் வைத்துப் பலமாக அழுத்தாதீர்கள். விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும்.

கரகரவென்று சத்தம்

பிரஷ் இல்லாத மோட்டாரின் நடுத்தண்டில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு இரும்புத்தூளும் வருகிறது, காந்தம் அதைப் பிடித்துக்கொள்கிறது. வார்ப்பிரும்பு வேலை செய்யும் இடங்களில் இது சீக்கிரமே வரும். தினமும் வேலை முடிந்ததும், கண்ணாடி போட்டுக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, பின்துவாரத்தில் காய்ந்த காற்றை மிதமாக அடியுங்கள். துவாரத்துக்குத் தூள்வலை கிடைத்தால் மாட்டிவிடுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் பேரிங்; அதை சர்வீஸ்காரர்தான் பார்க்க வேண்டும். கழற்றிய பேட்டரியைச் சிலும்பு கிடக்கும் மேசைமேல் வைக்காதீர்கள், முனைகள் ஷார்ட் ஆகும்.

பின்பக்கம் கனம், மணிக்கட்டு வலி

பத்து செல் பேட்டரி அரைக் கிலோவுக்கு மேல். அது வாலில் தொங்குவதால் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். இடது கையைக் கழுத்துப் பக்கம் வைத்து வழிநடத்துங்கள், வலது கை எடையை மட்டும் தாங்கட்டும். மேசை வேலை என்றால் பேட்டரியையே மேசைமேல் ஊன்றிக்கொள்ளலாம். தலைக்கு மேல் வேலை என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் சின்ன பேட்டரி. அழுத்தத்தைப் பாதியாக்கினால் அது தாங்கும். பேட்டரி இடித்துக்கொண்டு உள்ளே நுழையாத சந்துகளுக்கு 12 வோல்ட் செங்கோண மாடல் கைகொடுக்கும்.

பர் மாற்றும்போது சுற்றிவிட்டது

இதைக் கோளாறு என்று சொல்லக் கூடாது, ஆனால் மாறியவர்களுக்கு நடக்கும். பிளக் கழன்று தரையில் கிடப்பது கண்ணுக்குத் தெரியும். பேட்டரி மெஷினில் மின்சாரம் எப்போதும் உள்ளேயே இருக்கிறது. கோலெட்டில் ஸ்பேனர் வைக்கும் முன் பேட்டரி கையில் இருக்க வேண்டும், மெஷினில் அல்ல. ஆஃப் செய்த பின்னும் சில மாடல்களில் பர் பல வினாடி சுற்றும், நின்ற பிறகே கீழே வையுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சரியில்லை

புது பர், நல்ல 5 ஆம்பியர்-மணி பேட்டரி, சரியான கோலெட், லேசான அழுத்தம். இவ்வளவும் இருந்தும் நின்றால், விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணி, கையேட்டில் அதற்கு என்ன பொருள் என்று பார்த்துவிட்டு, பேட்டரியையும் சேர்த்து சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். மெஷினை மட்டும் கொடுத்தால் அங்கே அவர்களின் பேட்டரியில் ஓட்டிப் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.

மெஷின் நன்றாக இருந்து, வேலைதான் ஒத்துவரவில்லை என்றால் அது வேறு கதை. என்ஜின் ஹெட்டின் போர்ட்டை மணிக்கணக்கில் குடைவது, பெரிய வார்ப்பைச் சுத்தம் செய்வது, நாள் முழுக்க ஒரே மேசையில் அச்சு தேய்ப்பது: இவற்றுக்கு வயர் மெஷினைத்தான் நான் எடுப்பேன். ஏணிமேல், வண்டிக்கு அடியில், பிளக் இல்லாத இடத்தில் பேட்டரி. பழையதை விற்றுவிடாதீர்கள், கார்பன் பிரஷ் ஒரு ஜோடி வாங்கிப் போட்டு வையுங்கள்.